கிடாவுக்கு எறிந்த பந்து

ஜனவரி 31, சனி

உரக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த இந்த டைரியின் மேல் கை வைத்து, ஆம்ப்ளிஃபயர் சாட்சியாக, நான்கு கூம்பு ஹார்ன்கள் சாட்சியாக, சிகாமணி சவுண்ட் சர்வீஸ் உரிமையாளனாகிய தெய்வசிகாமணி உறுதி கூறுகிறேன்: இதில் நான் எழுதப்போகும் கதையை எவனும் நம்பமாட்டான். என் மனைவி மரகதம் நம்பமாட்டாள். ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்தால் நானே நம்பமாட்டேன். நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப்போவதும் இல்லை.

தாராபுரம் மங்கையர் திலகம் கல்லூரியின் கூடைப்பந்து அணி நாளைக்கு இறுதி ஆட்டம் ஆடுகிறது. எதிரே கோயமுத்தூர்ப் பெண்கள். மைக் செட்டும் நான்தான், அறிவிப்பும் நான்தான். என் குரல் இல்லாமல் இந்த ஊரில் பந்தே எழும்பாது. ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டியபோது இரண்டு அணிகளும் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிவிட்டுப் போனதாக வரலாறு.

எங்கள் அணியின் பெருமைகள் இரண்டு. ஒன்று ஏஞ்சலின். அவள் ரோட்டோரம் சும்மா நின்றால் மின்வாரியத்துக்காரர்கள் ஏணியோடு வந்துவிடுவார்கள். இரண்டு ரோகிணி. பஸ் ஸ்டாண்டில் நின்று எறிந்தாலும் வளையத்துக்குள் விழும்; நடுவில் வருகிற பழனி பஸ் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். கோகிலவாணி, என் அக்கா சாவித்திரியின் மகள். பந்தை வாங்குவாள், கொடுப்பாள். வாங்குவாள், கொடுப்பாள். மூன்று வருடமாக இதே வேலை. தபால்காரராவது பொங்கலுக்கு லீவு எடுக்கிறார். தன் கையால் கூடையில் போட்டால் பாவம் என்று எந்தச் சாமியார் சொல்லிக் கொடுத்தாரோ தெரியவில்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் எங்கள் கல்லூரியின் பி.டி. மாஸ்டர் சாமியப்பன், பல்கலைக்கழக அணியின் தேர்வு முகாமுக்கு இரண்டு பேரை அனுப்புகிறார். வாணிக்கு இதுதான் கடைசி வருடம். அங்கே போய் வந்தால் உடற்கல்விப் படிப்பில் இடம் கிடைக்கும். அவளுக்கு அதுதான் உயிர். இல்லையென்றால் வைகாசி பிறந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதப் போக வேண்டும். அக்கா ஏற்கெனவே ஆளைப் பிடித்துச் சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு என்ன வந்தது? நான் மைக் செட்டுக்காரன்.

மரகதம் கடலை எண்ணெய் வாங்கி வரச் சொன்னாள். மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தோற்றோம். எண்ணெய் இல்லாத தோசை, அதுவும் கருகியது.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் ஹார்ன்களை இறக்கிக் கழுவினேன். பனி பட்டு ஒரு ஹார்னுக்குள் தேரை குடியிருக்கிறது. கோயமுத்தூர்க்காரர்கள் அனுப்பிய உளவாளியாக இருக்கலாம்.

சரி, நடந்ததை எழுதுகிறேன்.

பதினைந்தாயிரம் பேர் கூட்டம். மரத்தில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. முதல் பாதி முடிந்தபோது நாங்கள் பதினான்கு புள்ளி முன்னால் இருந்தோம். கோயமுத்தூர்ப் பெண்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கிய இடத்தில் கண்ணீர் தேங்கி, அதில் இரண்டு கெண்டை மீன் துள்ளியதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெரியமனிதர்களுக்குத் தாராளம் பொங்கியது.

ஜல்லிக்கட்டில் மாடு பிடித்தவனுக்கு அண்டா, கட்டில், பீரோ என்று மைக்கில் அறிவித்துப் பழகியவர்கள் நாங்கள். கூடைப்பந்துக்கும் அதே மரியாதைதான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டு என் மேசைக்கு வரும், நான் முழங்குவேன். நேற்று முதல் சீட்டு ஜவுளிக்கடையிலிருந்து வந்தது. “அடுத்த மூணு பாயிண்ட் போடும் வீராங்கனைக்கு ஒரு பட்டுப்புடவை!” பிறகு பாத்திரக்கடை. “அடுத்த மூணு பாயிண்ட்டுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர்!” எல்லாம் தூரத்திலிருந்து எறிகிற மூணு பாயிண்ட்டுக்கு மட்டும். பக்கத்தில் போய் அலுங்காமல் போடுகிற இரண்டு புள்ளிக்கு ஒரு கரண்டி தருவதற்குக்கூட ஆள் இல்லை. அதில் வீரம் தெரியாதாம்.

அதன் பிறகு எங்கள் பெண்கள் கூடை இருக்கும் திசைக்கே போகவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தார்கள், எறிந்தார்கள், எறிந்தார்கள். பந்து வளையத்தில் பட்டது, பலகையில் பட்டது, ரெஃப்ரி தலையில் பட்டது. ஒரு பந்து அமராவதி ஆற்றைத் தாண்டிப் போய் இன்னும் திரும்பவில்லை. வாணி மட்டும் பைத்தியக்காரி மாதிரி உள்ளே ஓடி, ஆளைத் தேடி, கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினான்கு, ஒன்பதாகி, நாலாகி, கடைசியில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால்.

கடைசி டைம் அவுட். பேக்கரி குழந்தைவேல் ஓடி வந்தார். ரசிகர் பேரவையின் தலைவர். பன்னும் டீயும் விற்றுச் சேர்த்த உடம்பு. மாலை போட்ட ஒரு வெள்ளாட்டுக் கிடாவை இழுத்துக்கொண்டு வந்து, என் மேசைக் காலில் கட்டிவிட்டு, சீட்டை நீட்டினார். கடைசிப் பந்தை மூணு பாயிண்ட்டாகப் போடுகிறவளுக்குக் கிடா.

அறிவிப்பது என் தொழில். வந்த சீட்டைப் படிக்காமல் மடித்து வைக்க முடியுமா? படித்தேன். கொஞ்சம் நன்றாகவே படித்தேன். கிடாவே நிமிர்ந்து பார்த்தது.

பந்து வாணியிடம் வந்தது. இரண்டு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். அப்படிப் பாய்ந்தால் கூடைக்கு அடியில் ஏஞ்சலின் தனியாக நிற்பாள். தூக்கிக் கொடுத்தால் போதும், அவள் கூடையில் வைத்துவிடுவாள். இது இவர்கள் மூன்று வருடமாகச் செய்யும் வித்தை. வாணி திரும்பிக்கூடப் பார்க்காமல் அங்கே கொடுத்தாள்.

ஏஞ்சலின் அங்கே இல்லை. கோட்டுக்கு வெளியே, கிடாவுக்குத் தோதான இடத்தில், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். பந்து வெறும் தரையில் விழுந்து, உருண்டு, வெளியே போனது. விசில் ஊதிவிட்டார்கள்.

கிடாவைக் குழந்தைவேல் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மாலையை மட்டும் அது வழியிலேயே தின்றுவிட்டதாம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பேக்கரியில் பேரவை கூடியது. உலகத்தில் தோற்றவர்கள் எல்லாம் மூலையில் உட்கார்ந்து அழுவார்கள். எங்கள் ஊரில் தேங்காய் பன் தின்பார்கள்.

“தோத்தது தோத்துப்போச்சு, விடுங்க. ஆனா நம்ம ஏஞ்சலின் ஆட்டம் இருக்குதே! அடடடா! கோயமுத்தூர்க்காரியெல்லாம் அண்ணாந்து பாத்துப் பொடனி சுளுக்கிப் போயிருப்பாளுக” என்றார் குழந்தைவேல்.

“ரோகிணி மட்டும் என்னவாமா? மூணு பாயிண்ட்டாப் போட்டுத் தள்ளிப்போட்டாளே” என்றார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ராமநாதன்.

எத்தனை தள்ளினாள், எத்தனை உள்ளே போனது என்று நான் கேட்கவில்லை. ரசிகர்களிடம் கணக்கு கேட்பது நாகரிகமில்லை. அவர்கள் கண் என்பது தனிப் படைப்பு. உள்ளே போன பந்து மட்டும்தான் அதில் தெரியும்.

“எல்லாம் அந்தக் கடைசிப் பந்துதாங்க. ஆளில்லாத எடத்துக்கு எவளாச்சும் பாஸ் குடுப்பாளா? பேயிக்குக் குடுத்தாளாக்கும்?” என்றார் ராமநாதன். எல்லோரும் சிரித்தார்கள். பன்கூடச் சிரித்தது.

“ஏப்பா சிகாமணி, உன்ற அக்கா மவதானே அது? கோவிச்சுக்காதே” என்றார் குழந்தைவேல்.

“எனக்கென்ன கோவம்? குருடிக்குக்கூடத் தெரியும் அங்க ஆளில்லைன்னு” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் சொன்னால் எப்போதும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் டீ என்னவோ கசந்தது. குழந்தைவேல் சர்க்கரையில் கலப்படம் செய்கிறார்.

தீர்மானம்: வரும் ஞாயிற்றுக்கிழமை, தோல்வியிலும் ஒளிர்ந்த இரு நட்சத்திரங்களுக்குப் பாராட்டு விழா. பொன்னாடை, கேடயம், பிளெக்ஸ், விருந்து. மைக் செட் நான்.

சாமியப்பன் மாஸ்டர் பால் வாங்க வந்தவர் மாட்டிக்கொண்டார். “அந்த முகாமுக்கு எந்த ரெண்டு பேருங் மாஸ்டர்?” என்று குழந்தைவேல் கேட்டார்.

“திங்கக்கிழமை பேரை அனுப்போணுங்க. கல்லூரித் தாளாளர் ஊரு என்ன பேசுதுன்னு கேக்கறாருங்க” என்று இழுத்தார்.

“ஊரு பேசறதைத்தான் பிளெக்ஸ்ல போடறமே!” என்றார் குழந்தைவேல்.

பயிற்சியாளர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். முதுகெலும்பை வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டுப் பால் வாங்க வருகிறார்.

பிப்ரவரி 4, புதன்

வாணி வந்தாள். அக்கா கொடுத்தனுப்பிய பச்சை மொச்சையை மரகதத்திடம் கொடுத்துவிட்டு, நான் முற்றத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனம்மிணி, ஆளில்லாத எடத்துக்கு எதுக்குக் குடுத்தே?” என்று கேட்டேன். ஊரே கேட்கிறது, மாமன் கேட்கக் கூடாதா?

“ஆள் இருக்க வேண்டிய எடமுங் மாமா அது.”

“சித்த பாத்துக் குடுத்தா என்ன, கண்ணு நோவுமா?”

“பாத்தா அவங்களும் பாத்துருவாங்கல்ல. மூணு வருசமாப் பாக்காமத்தானுங் குடுக்கறேன். அவ இல்லாமப் போனதே இல்லை.”

“அன்னைக்கு மட்டும் ஏன் இல்லையாமா?”

வாணி அலமாரியைப் பார்த்தாள். அங்கே மைக் இருந்தது. நேற்றுத்தான் துடைத்து உறை போட்டு வைத்திருந்தேன். பிறகு வயரைப் பார்த்தாள்.

“தெரியலீங் மாமா.”

பாருங்கள் இந்தப் பெண்ணின் அறிவை! களத்தில் நின்று ஆடியவளுக்கே காரணம் தெரியவில்லை. இவளை நம்பி ஒரு அணி.

போகும்போதுதான் சொன்னாள். மாஸ்டரிடம் தன் பெயரை முகாமுக்கு நினைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். “பேரவையில நீங்களும் சிரிச்சீங்கன்னு சொன்னாங்க. ஒங்களுக்கே அப்படித் தோணுச்சுன்னா அது அப்படித்தானுங் மாமா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். ஆளைச் சங்கடப்படுத்தவே மரியாதையாகப் பேசுகிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

மொச்சைக் குழம்பு. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. உப்பு ஜாஸ்தி. “உப்பே போடலீங்க, நீங்க கேக்காமத் திங்கறீங்க” என்கிறாள் மரகதம்.

பிப்ரவரி 5, வியாழன்

ஒரு காதுகுத்துக்கு மைக் செட். குழந்தை என் ஹார்னைவிடச் சத்தமாக அழுதது. வாடகையை அதற்கே கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பிளெக்ஸ் வந்து இறங்கியது. ஏழு கிராமத்துக்கு நிழல் தரும் அகலம். கொக்குகள் மேகம் என்று எண்ணிச் சுற்றிப் போகின்றன.

இதில் எங்கள் பேரவையின் மேதாவித்தனத்தை எழுதியே ஆக வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாளே இவர்கள் வெற்றி பிளெக்ஸ் அடித்து வைத்துவிட்டார்கள். கோப்பையோடு பன்னிரண்டு பெண்களும் சிரிக்கிற மாதிரி. தோற்றதும் அதை வீணாக்க மனசு வரவில்லை. ‘வெற்றி வாகை சூடிய’ என்பதன் மேல் ‘இதயங்களை வென்ற’ என்று ஒரு தாளை ஒட்டினார்கள். கோப்பையின் மேல் ஒரு ரோஜாப்பூ. ஏஞ்சலினையும் ரோகிணியையும் விட்டுவிட்டு மற்ற பத்து முகங்களின் மேலும் பேரவை நிர்வாகிகள் தங்கள் முகங்களை ஒட்டிக்கொண்டார்கள். உடம்பு மட்டும் பெண்களுடையது. வாணியின் ஏழாம் நம்பர் ஜெர்சியின் மேல் குழந்தைவேலின் மீசை கம்பீரமாக வீற்றிருக்கிறது.

“எப்படி இருக்குது?” என்றார்.

“ஒங்களுக்கு ஜெர்சி எடுப்பா இருக்குதுங்க” என்றேன். பூரித்துப்போனார்.

அந்தப் பூரிப்பு ஆறுவதற்குள் ஒரு யோசனையும் சொன்னேன். வெறும் பொன்னாடை போர்த்தினால் கூட்டம் பந்திக்குப் போய்விடும். நட்சத்திரங்களை ஒரு காட்சி ஆட்டம் ஆட விட்டால்? அப்போது பரிசும் அறிவிக்கலாமே?

“கிடா இன்னும் வீட்லதான் இருக்குது!” என்று துள்ளினார். அவருக்குத் துள்ளல் என்பது தரைக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் உயரம்.

இதில் எனக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. மைக் வாடகை ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

பிப்ரவரி 7, சனி

காட்சி ஆட்டத்தில் ஒரு ஆள் குறைகிறது, இரண்டாம் வருடப் பெண் ஒருத்திக்குக் கால் சுளுக்கு, நீ வந்து நின்றால் போதும் என்று வாணிக்குப் போன் செய்தேன். “எந்தக் காலுங் மாமா?” என்றாள். வலது என்றேன். “சரி, வாரனுங்” என்றாள்.

கடலை எண்ணெய் வாங்கிவிட்டேன். மரகதம் நல்லெண்ணெய்தான் சொன்னாளாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பிற்பகல் விழா. மறுபடியும் பதினைந்தாயிரம் பேர். குழந்தைவேல் பேசினார். அவர் பேச ஆரம்பித்தபோது கைக்குழந்தையாக இருந்தவன் முடிக்கும்போது மீசை வைத்திருந்தான். “தோல்வி தோற்றது! இவர்கள் வென்றார்கள்!” என்றார். தோல்விக்கும் கேடயம் கொடுத்திருக்கலாம்.

ஏஞ்சலினுக்குப் பொன்னாடை போர்த்தக் குழந்தைவேலுக்கு எட்டவில்லை. நாற்காலி போட்டார்கள். அப்போதும் எட்டவில்லை. கடைசியில் அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பாராட்டு கேட்கும் நேரமெல்லாம் தன் ஷூ முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகழை ஏற்கத் தெரியாத பெண். ரோகிணி பரவாயில்லை, போட்டோவுக்கு நன்றாக நின்றாள்.

வாணி பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, அவளுடைய உடம்பில் குழந்தைவேல் தலை சிரித்தது. காலில் சுளுக்கு விழுந்த இரண்டாம் வருடப் பெண் மைதானத்தைச் சுற்றி மான்குட்டி போல ஓடிக்கொண்டிருந்தாள். வைத்தியம் எவ்வளவோ முன்னேறிவிட்டது.

ஏஞ்சலினும் வாணியும் ஒரு பக்கம், ரோகிணி எதிர்ப்பக்கம் என்று சாமியப்பன் மாஸ்டர் பிரித்துவிட்டார். விசில். உடனே சீட்டு வந்தது. “மூணு பாயிண்ட்டுக்குக் கிடா.”

இங்கேதான் என் கண் கொஞ்சம் மங்கிவிட்டது. வயது.

“பெருமதிப்பிற்குரிய பேரவைத் தலைவர் குழந்தைவேல் அவர்கள் வழங்கும் வெள்ளாட்டுக் கிடா!” என்று முழங்கினேன். “கூடையில் போட்டவருக்கு அல்ல! அந்தப் பந்தைக் கொடுத்தவருக்கு!”

பிறகு ஆரம்பித்தது பாருங்கள்! ரோகிணி பந்தை வாங்கினாள், பாம்பைத் தொட்டவள் போல அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அவள் இன்னொருத்திக்கு. யாரும் எறியவில்லை. எறிந்தால் கிடா அடுத்தவளுக்கல்லவா போகும்! “நீ போடுடீ!” “நான் ஏன் போடறது, நீ போடு!” என்று கூடைக்கு நேர் கீழே நின்று சண்டை. பந்து முந்நூறு கை மாறியது. ரெஃப்ரி கைக்குக்கூட ஒருமுறை வந்தது, அவரும் கொடுத்துவிட்டார். அந்தப் பந்துக்குத் தலை சுற்றி மயக்கம் வந்ததாகக் கேள்வி.

“ஏப்பா! தப்பாப் படிச்சுப்போட்டே!” என்று குழந்தைவேல் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தார்.

“அப்படிங்களா? எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்துச்சுங்க.”

“என்ற கிடா! என்ற இஷ்டம்! மைக்கைக் குடு இங்க!” என்று பிடுங்கினார். வாய்க்குக் கொண்டு போனார். மூச்சை உள்ளே இழுத்தார். வயிறு ஹார்னைவிடப் பெரிதாக உப்பியது.

மைக் செத்துவிட்டது.

தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். ‘அலோ அலோ’ என்றார். ஒன்றும் வரவில்லை. மேசைக் காலில் கட்டியிருந்த கிடா வயரைக் கடித்துவிட்டது. அப்படித்தான் சொன்னேன். கிடாவும் மறுக்கவில்லை.

“சரி பண்ணப்பா வெசையா!”

“பண்றனுங்க” என்று மேசைக்கு அடியில் குனிந்தேன். நல்ல இடம் அது. மைதானம் நன்றாகத் தெரிகிறது.

அறிவிப்பு இல்லை. பரிசு யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் என் மேசையையே பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் ஆட ஆரம்பித்தார்கள். பந்து தரையில் படும் சத்தமும் ஷூ உரசும் சத்தமும் கேட்டன. இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. என் குரல்தான் விடாதே.

பந்து வாணியிடம் வந்தது. ரோகிணியும் இன்னொருத்தியும் அவள்மேல் பாய்ந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மாதிரியே, அச்சு அசலாக. கூட்டத்தில் யாரோ “பேயிக்குக் குடுத்துராதே!” என்று கத்தினார்கள். அவள் கை ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

பார்க்கவில்லை. தோளுக்கு மேலே, பின்பக்கமாக, கூடைக்கு அடியில் கொடுத்தாள்.

ஏஞ்சலின் அங்கே இருந்தாள்.

கூடையில் வைத்துவிட்டு இறங்கினாள். அவ்வளவுதான், வானம் பிளந்தது! பதினைந்தாயிரம் தொண்டைகள் ‘வாணி! வாணி!’ என்று ஒன்றாக முழங்கின. பழனி மலையில் மணி தானாக அடித்தது. அமராவதி அணையில் தண்ணீர் ஒரு அடி ஏறியது. குழந்தைவேல் செத்த மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கண்ணீர் வடித்தார். பிளெக்ஸில் ஏழாம் நம்பர் மேல் ஒட்டியிருந்த அவர் முகம் வெட்கப்பட்டுத் தானாக உரிந்து விழுந்தது.

நான் மேசைக்கு அடியில் தலையை இடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் மரகதம் என் சட்டையைத் துவைக்க எடுத்தவள் முற்றத்துக்கு வந்து நின்றாள்.

“ஏனுங், பாக்கெட்ல இது என்னுங்?”

பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் பியூஸ். முழுசாக, எரியாமல், பளபளவென்று இருந்தது.

“கிடா போட்டிருக்கும்” என்றேன்.

“கிடாய்க்குக் கை இருக்குதுங்களா?”

“அது குழந்தைவேல் வளத்த கிடா. எதுவும் செய்யும்.”

பியூஸை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். ஆனால் மதியம் இலையில் கேட்காமலே இரண்டாவது அப்பளம் விழுந்தது. பெண்களின் மனதை ஆராய என் ஆயுள் போதாது.

சாயங்காலம் சாமியப்பன் மாஸ்டர் போன் செய்தார்.

“அண்ணா, பேரு அனுப்பியாச்சுங்க. ஏஞ்சலினும் கோகிலவாணியும்.”

“ரோகிணிக்கு?”

“அவ ரெண்டாம் வருசந்தானுங்ணா. அடுத்த வருசம் பாத்துக்கலாம். தாளாளர் கேட்டாரு, ஊரு ரோகிணியைத்தானே பேசுதுன்னாரு. நான் ஆட்டத்தைப் பாத்தேனுங்க, ஊரு கிடாயைப் பாத்துச்சுன்னு சொல்லிப்போட்டேன்.”

ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது. எத்தனை நாளைக்கோ.

“வாணி பேரே வேண்டாம்னு சொல்லியிருந்தாளே?” என்றேன், அக்கறையில்லாத குரலில். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும்.

“காத்தால அவளே வந்தாளுங்க. ‘எம் பேரையும் போடுங்க சார், மாமா செட்டுக்கு ஏதோ ரிப்பேரு, அது சரியாகறதுக்குள்ள சொல்லிப்போடறேன்’னு சொன்னா. என்ன அர்த்தமுன்னு எனக்குப் புரியலீங்ணா.”

எனக்கும் புரியவில்லை என்றேன்.

அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். பனியன் கம்பெனிக்காரரிடம் என்ன சொல்வது என்று திட்டினாள். நடுவில் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம்.

இனி இந்த டைரியை மூடிவிடலாம். யாரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே எழுதியாகிவிட்டது. நம்பாதவர்கள் புத்திசாலிகள். பதினைந்தாயிரம் பேர் வரவில்லை. முந்நூறு பேர் தேறினால் அதிகம், அதில் பாதி பந்திக்கு வந்தவர்கள். மணி அடிக்கவில்லை, அணை ஏறவில்லை. பிளெக்ஸும் உரியவில்லை, இப்போதும் பேக்கரிக்கு எதிரே மீசையோடு தொங்குகிறது. வாணி என்று யாரும் முழங்கவும் இல்லை. எப்போதும் போல, போட்டவளுக்குத்தான் கைதட்டினார்கள். “ஏஞ்சலின்! ஏஞ்சலின்!” என்றுதான் கத்தினார்கள்.

ஒரு சின்னச் சங்கதி மட்டும் நிஜம். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவே ஏஞ்சலின் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நின்றாள். அந்த நீளக் கையை நீட்டி, விரலால் வாணியைக் காட்டினாள். “இவ” என்றாள்.

மைக் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. மேசைக்கு அடியில் இருந்த எனக்குக் கேட்டது.